ஊருணியும் நாற்காலியும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலே, வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அழியாது நிற்கின்றன இரண்டு கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்தனர். வந்த பெயருக்குரியவர் வாரியத்தில் அமர்ந்தார். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம்! கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் உறவினனுக்கும் இடமில்லை!

பள்ளியிலே இந்தப் பாடத்தை நடத்தும் நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடத்துகிறோம். மேலைநாட்டார் பலர் வாக்குரிமை என்ற சொல்லையே அறியாதிருந்த நாளில், தமிழ் மண்ணில் தேர்தல் நடந்ததென்றால் பெருமை பொங்காதா? பொங்கத்தான் செய்யும். பொங்கட்டும். ஆனால், பெருமை கண்ணை மறைத்துவிடலாகாது. அந்தக் குடத்துக்குள் யார் பெயர் விழுந்தது என்று கேட்பதும் வரலாற்று மாணவனின் கடமையன்றோ?

குடத்துக்குள் விழாத பெயர்கள்

வரி செலுத்தும் நிலம் கால் வேலியேனும் இருக்க வேண்டும். சொந்த மனையிலே வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கற்றவனுக்கு நிலத்தின் அளவிலே சலுகையும் உண்டு. இவை அந்தக் கல்வெட்டே கூறும் தகுதிகள். அது ஒரு பிரமதேய ஊரின் சபை. உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை. நெய்தவன் பெயர் விழவில்லை. எந்தப் பெண்ணின் பெயரும் விழவில்லை. ஏரியை வெட்டிய கைகளுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை!

அதே சோழப் பேரரசின் வேறு கல்வெட்டுகளைப் புரட்டுவோம். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைக் கணக்கெடுக்கையில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலிலே பறைச்சேரி என்றும், தீண்டாச்சேரி என்றும் எழுதிவைத்தார்கள். சுடுகாட்டுக்கும் தனிக் கணக்கு! ஊர் தன்னைத்தானே ஆண்டது உண்மை. அந்த ஊருக்குள்ளேயே ஒரு சேரி, ஊராகக் கருதப்படாமல் ஒதுங்கிக் கிடந்ததும் உண்மை.

இதிலிருந்து நாம் கற்கும் முதற் பாடம் என்ன? உள்ளாட்சி என்பது மக்களுக்கு மிக அருகில் இருக்கும் ஆட்சி. அருகில் இருப்பதனாலேயே, அந்த ஊரின் சாதிக்கும் அது மிக அருகில் இருக்கிறது. டெல்லி ஆட்சிக்கு நம் தெருவின் பெயர் தெரியாது. ஊராட்சிக்குத் தெருவும் தெரியும், தெருவில் இருப்பவரின் குலமும் தெரியும். அந்த அறிவு அணைக்கவும் பயன்படும், அடக்கவும் பயன்படும். எதற்குப் பயன்படும் என்பதை ஊரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைத்த நாட்களிலெல்லாம் என்ன நடந்தது என்பதைத்தான் இக்கட்டுரையிலே காணப்போகிறோம்.

ஓர் அணாவின் ஆற்றல்

வெள்ளையர் ஆட்சியிலே, 1882இல், ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் வளர்ந்தன. வாக்குரிமை என்னவோ வரி கட்டுவோருக்கும் சொத்துடையோருக்குமே! என்றாலும் ஒரு புதுமை புகுந்தது. சாலை, குளம், விளக்கு, பள்ளி ஆகியவை பொதுப்பணத்தில் நடப்பவை, ஆகவே பொதுவானவை என்ற எண்ணம் சட்டத்துக்குள் நுழைந்தது. நுழைந்த எண்ணத்தைச் செயலாக்கிய மன்றங்களும் இருந்தன.

சென்னை மாநகராட்சியைப் பாருங்கள்! 1920ஆம் ஆண்டு, பிட்டி. தியாகராயர் அதன் தலைவராக வீற்றிருந்த காலம். ஆயிரம் விளக்குப் பகுதியிலே மாநகராட்சிப் பள்ளி ஒன்று. ஏழைக் குழந்தைகள் வரவில்லை, வந்தவர்களும் நிலைக்கவில்லை. காரணம் என்ன? பசி! வயிறு எரியும்போது எழுத்து எங்கே ஏறும்? செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது: மாணவர்க்குச் சிற்றுண்டி அளிப்பது; நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடுவது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட மேலிருந்த அரசு இசையவில்லை. 1925இல் திட்டம் நின்றது.

ஓர் அணா! அதன் பொருள் பெரிது. சமத்துவம் என்று மேடையிலே முழங்குவது ஒன்று. ஒரே வரிசையில் உட்காரவைத்து ஒரே பண்டத்தை ஊட்டுவது மற்றொன்று. இரண்டாவதை நகராட்சிதான் செய்ய முடியும். ஏனெனில் பள்ளி அதனுடையது, பாத்திரம் அதனுடையது, பிள்ளை அதன் தெருப் பிள்ளை. அன்று அணைந்த அந்த அடுப்பு, 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகவும், 2022இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவாகவும் மீண்டும் மீண்டும் மூட்டப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான திட்டத்தின் வித்து ஒரு மாநகராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் கிடந்தது என்பதை மறக்கலாமா?

மகாத் குளமும் மாறிய தீர்மானமும்

உள்ளாட்சி உயர்ந்ததற்குச் சான்று அது. உயர்ந்தபின் விழுந்ததற்குச் சான்று பம்பாய் மாகாணத்திலே இருக்கிறது.

1923 ஆகஸ்டு மாதம், பம்பாய் சட்டமன்றத்திலே எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைத் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அந்நாளில் கொலாபா மாவட்டத்தைச் சேர்ந்த மகாத் நகராட்சி, 1924 சனவரியில் தானும் முன்வந்து, தன் எல்லையிலுள்ள சவுதார் குளம் எல்லோர்க்கும் பொது என்று தீர்மானம் போட்டது. பாராட்ட வேண்டிய செயல்! ஆனால் மூன்றாண்டுகள் உருண்டோடின. ஒடுக்கப்பட்டவர் ஒருவரும் அந்த நீரைத் தொடவில்லை. தொட முடியவில்லை. தீர்மானம் ஏட்டிலே இருந்தது. அச்சம் கரையிலே காவல் நின்றது.

1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்துச் சென்று, குளத்தில் இறங்கி, நீரை அள்ளிப் பருகினார். குடித்தது என்னவோ ஒரு கை நீர். குலுங்கியது ஊர்! கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, மாநாட்டுக்கு வந்திருந்தவர்களை அடித்து நொறுக்கினர். பின்னர் நூற்றெட்டுக் குடங்களிலே பால், தயிர், சாணம், கோமூத்திரம் கலந்து குளத்தில் ஊற்றித் தீட்டுக் கழித்தனர். சாணம் சேர்ந்தால் தூய்மையாகும் நீர், மனிதன் கை பட்டால் கெட்டுவிடுமாம்! எத்தகைய அறிவு, எத்தகைய அறம்!

நம் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது, அதன் பிறகு நடந்தது. 1927 ஆகஸ்டு 4ஆம் நாள், அதே மகாத் நகராட்சி, தான் போட்ட தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது. ஊரின் ஆதிக்கக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மன்றம் முதுகை வளைத்தது. குளம் தனியார் சொத்து என்று நீதிமன்றம் ஏறினார்கள் எதிர்ப்பாளர்கள். பத்தாண்டுகள் வழக்கு நடந்து, 1937 மார்ச்சிலேதான் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது.

மகாத் கற்பிக்கும் பாடம் இதுதான்: குளம் பொதுவாக வேண்டுமானால், குளத்தைப் பற்றித் தீர்மானிக்கும் நாற்காலியும் பொதுவாக வேண்டும். அந்த மன்றத்திலே ஒடுக்கப்பட்டோரின் உறுதியான குரல் இருந்திருக்குமேயானால், கொடுத்ததைத் திரும்பப் பறிக்க அத்தனை எளிதாக முடிந்திருக்குமா? பிறர் கருணையால் கிடைத்த உரிமை, பிறர் கோபத்தால் பறிபோகும்.

சாலை யாருடையது?

சென்னை மாகாணத்திலும் அதே ஆண்டுகளில் அதே போராட்டம்தான். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலே, தெருவிலே எந்த வகுப்பினரும் நடக்கலாம்; பொதுக் கிணற்றையும் குளத்தையும் அலுவலகத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்றார். அரசு அதனை ஆணையாக வெளியிட்டது. இன்று படிப்போர்க்கு வியப்பாக இருக்கும். தெருவிலே நடப்பதற்கு ஒரு தீர்மானமா? ஆம்! நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த நாடு இது.

ஆணை வந்தது, ஆனால் அதை யார் நடத்திவைப்பது? இங்கேதான் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் ஒளிர்கிறது. அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த நாள் அது. பேருந்துகளிலே ஆதித்திராவிடரை ஏற்ற மறுத்தனர் தனியார் முதலாளிகள். கையிலே காசு இருந்தும் காலால் நடக்க வேண்டிய கொடுமை! சௌந்தரபாண்டியனார் உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் நீக்கப்படும் என்று ஆணையிட்டார். சாலை போர்டுக்குச் சொந்தம். உரிமம் போர்டின் கையில். பேருந்தின் கதவு தானாகத் திறந்தது!

மனம் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்பார் சிலர். மனம் மாறும்வரை மனிதன் வெயிலில் நடப்பதா? உள்ளாட்சியின் கையில் உரிமம் இருக்கிறது, வரி இருக்கிறது, குழாய் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் சமத்துவத்தைத் திறக்கும் சாவிகள். சாவியைத் திருப்பும் கைதான் தேவை.

அந்தக் கை யாருடையதாக இருக்கும் என்பதும் மெல்ல மெல்ல மாறத் தொடங்கிற்று. 1937இல் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயரானார். பின்னர் 1945இல் என். சிவராஜ் அந்த நாற்காலியில் அமர்ந்தார். நகரத்திலே கதவு சற்றே திறந்தது. கிராமத்திலோ?

சட்டம் வந்தது; சினமும் வந்தது

அரசியல் நிர்ணய மன்றத்திலே, 1948 நவம்பர் 4ஆம் நாள், கிராமத்தின் பெருமை பாடியோரை அம்பேத்கர் மறுத்துப் பேசினார். அறியாமையும் குறுகிய நோக்கும் குடிகொண்ட இடமென்று கிராமத்தைச் சாடினார். அரசியல் சட்டம் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்கு மகிழ்ந்தார். கிராமத்தில் பிறந்த நமக்கு அது கசக்கும். கசந்தாலும் மருந்து மருந்துதான். அதன்பின் 40ஆம் விதியில் ஊராட்சி ஒரு வழிகாட்டும் நெறியாக இடம்பெற்றது. நெறி, கட்டாயமாக மாற நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம். உறுப்பினர் இடம் மட்டுமல்ல, தலைவர் நாற்காலியும் ஒதுக்கப்படும்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எந்தப் பெயர்கள் குடத்தில் விழவில்லையோ, அந்தப் பெயர்களுக்காகவே தனிக் குடம் வைக்கப்பட்டது. தமிழ்நாடு 1994இல் தன் ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது. 1996இல் தேர்தல் நடத்தியது.

மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பட்டது. தடைகளைத் தாண்டித் தேர்தல் நடந்தது, முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30ஆம் நாள், பேருந்திலே ஊர் திரும்பிய அவரும், உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். நாற்காலியில் அமர்ந்த குற்றத்துக்கு உயிர் விலை! ஆறு உடல்கள் சாய்ந்தபோது அந்த ஊராட்சி மன்றத்தின் நாற்காலி எவ்வளவு பெரியது என்பது ஊருக்கும் உலகுக்கும் விளங்கிற்று. வெறும் மரம் என்றால், அதற்காகக் கொலை செய்வார்களா?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊர்களிலும் பத்தாண்டுகள் தேர்தல் தோற்றது. சில வேளை வேட்புமனுவே வரவில்லை. சில வேளை ஊரார் தாமே ஒருவரை நிறுத்தி, வென்ற மறுகணமே பதவி விலகச் செய்தனர். நாற்காலி வெறுமையாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், அவர் அமரலாகாது என்பது எண்ணம். 2006இல் அரசு உறுதி பூண்டது. அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று பேசினர், இயக்கங்கள் துணைநின்றன, அக்டோபரிலே தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். முதலமைச்சர் கலைஞர் அவர்களைச் சென்னைக்கு அழைத்துப் பாராட்டினார். 1996இல் இருந்த அதே சட்டம்தான் 2006இலும் இருந்தது. மாறியது எது? சட்டத்தின் பின்னே அரசு நின்ற விதம்!

நாற்காலி வந்தபின் நீர் வருமா?

பதவி கொடுத்தால் போதுமா, அவர்களுக்கு நிர்வாகம் தெரியுமா, பெண்ணைத் தலைவியாக்கினால் கணவன்தானே ஆள்கிறான் என்று கேட்போர் உண்டு. அத்தகைய கணவர்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால், நீந்தத் தெரிந்தபின் நீரில் இறங்கு என்பது எந்த ஊர் நியாயம்? ஆய்வாளர் இருவர், ராகவேந்திர சட்டோபாத்தியாயாவும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் துஃப்ளோவும், மேற்கு வங்கத்திலும் இராசஸ்தானத்திலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள், அவ்வூர்ப் பெண்கள் கேட்ட தேவைகளுக்கு, குறிப்பாகக் குடிநீருக்கு, கூடுதலாகச் செலவிட்டன என்பது அவர்கள் கண்ட உண்மை. குடம் சுமந்த இடுப்புக்குத்தான் குழாயின் அருமை தெரியும்! ஊருணிக்கும் நாற்காலிக்கும் உள்ள உறவு இதுதான்.

தமிழ்நாட்டிலே 2016இல் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. 2022இல் ஆர். பிரியா, ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து சென்னை மேயர் நாற்காலிக்கு வந்த முதற் பெண்மணி ஆனார். அதே ஆண்டு வேலூர் மாநகராட்சியிலே திருநங்கை ஒருவர் மக்கள் வாக்கால் உறுப்பினரானார். 2025இல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்கச் சட்டம் செய்யப்பட்டது. பட்டியல் நீள்கிறது; மகிழ்ச்சி.

ஆயினும், 2020இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியையே தரையில் அமரவைத்த படம் நாடெங்கும் பரவிற்றே! 2022இல், ஊராட்சித் தலைவர்கள் சாதி வேற்றுமையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டிவந்ததே! அவ்வாண்டு டிசம்பரிலே, புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருந்ததே! மகாத் குளத்திலிருந்து வேங்கைவயல் தொட்டி வரை நூறாண்டு நடந்தும் நாம் இன்னும் நீர்க்கரையிலேதான் நிற்கிறோமா என்று மனம் குமுறுகிறது.

செய்யத் தக்கன

குமுறுவதோடு நிற்கலாமா? உள்ளாட்சி செய்யத் தக்கவை கண்முன்னே இருக்கின்றன.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டுமென்பது தமிழ்நாட்டின் ஏற்பாடு. அது எவர் தெருவில் கூடுகிறது? எல்லோரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய இடத்தில் கூடட்டும். ஒருமுறை ஊரிலே என்றால் மறுமுறை சேரி என்று ஒதுக்கப்பட்ட பகுதியிலே கூடட்டும். புதிய குழாயும் புதிய விளக்கும், இல்லாத தெருவிலிருந்து தொடங்கட்டும். சுடுகாடு ஒன்றாகட்டும்; அதற்குச் செல்லும் பாதை பொதுவாகட்டும். தொடங்கிவைத்த முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்திலே நூறு வீடுகள். நாற்பது ஆதித்திராவிடர்க்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, பத்து ஏனையோர்க்கு. அடுத்த வீட்டுக்காரன் யாரென்பதைச் சாதி தீர்மானிக்காத தெரு! அதை ஓர் அரசு கட்டிக் காட்டிற்று. பழைய தெருக்களை அவ்வாறு ஆக்குவது ஊராட்சியின் பணி.

மேலே உள்ள அரசுக்கும் கடமை உண்டு. தேர்தலைக் காலத்தில் நடத்த வேண்டும். 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல், பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. தேர்தல் இல்லாத காலம் யாருக்கு இழப்பு? செல்வாக்குள்ளவன் அதிகாரியின் கதவைத் தட்டிக் காரியம் முடித்துக்கொள்வான். நாற்காலி ஒன்றே பலமாக உள்ளவனுக்கு, நாற்காலி இல்லாத ஒவ்வொரு நாளும் இழப்பு. அமர்ந்தவர்க்குப் பாதுகாப்பும், நிதியும், கையெழுத்திடும் அதிகாரமும் குறைவின்றி அளிக்க வேண்டும். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை வேறொருவரிடம் விட்டுவைப்பது கொடுத்தது போலாகாது.

உள்ளூரின் அறிவும், ஒடுக்கப்பட்டோரின் இருக்கையும், அரசின் உறுதியும் கூடிய இடத்தில் உள்ளாட்சி சமத்துவத்தின் தொட்டிலாயிற்று. இவற்றில் ஒன்று குறைந்த இடத்தில் அது பழைய ஆதிக்கத்தின் புதிய பெயராயிற்று. ஊர் ஆள்வது நல்லாட்சியா என்று கேட்பதற்கு முன், ஊர் என்றால் யார் யார் என்று கேட்போம். ஊருணியில் எல்லோர் குடமும் நிறைகிறதா என்று பார்ப்போம். நிறையவில்லையென்றால், நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் போய்க் கேட்போம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அங்கே அமரும் உரிமையும் நம் எல்லோர்க்கும் உண்டு.